சர்வர் போகும், பொறுப்பு போகாது
(உதியன்குளங்கரையில் வணிகர்களும் கூட்டுறவு ஊழியர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவு)



நம் வியாபாரத்தின் கணக்கையும் சரக்கு இருப்பையும் வாடிக்கையாளர் விவரத்தையும் கடையிலிருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து கிளவுடுக்கு எப்படி மாற்றுவது, மாற்றும்போது எதைத் திட்டமிடுவது, மாற்றிய பிறகு எதைக் கவனிப்பது: இதுதான் இன்றைய பேச்சு. இது கம்ப்யூட்டர் படித்தவர்கள் விவகாரம், நமக்கென்ன என்று நினைத்துவிடாதீர்கள். இது முதலாளியின் விவகாரம். சங்கத்தின் செயலாளர் விவகாரம். கல்லாவில் உட்காருபவரின் விவகாரம்.

இங்கிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போகும் வழியில் அமரவிளை இருக்கிறது. அங்கிருந்த வணிகவரிச் சோதனைச்சாவடியை மறந்தவர்கள் இந்த அவையில் உண்டா? லாரி நிற்கும், டிரைவர் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி ஓடுவார், முத்திரை விழும்வரை சரக்கு நகராது. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது, வணிகவரிச் சாவடிகளின் காலம் முடிந்தது. 2018 ஏப்ரல் 1 முதல், மாநிலம் தாண்டிப் போகும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் வந்தது. மார்த்தாண்டத்தில் ஏற்றிய லோடு களியக்காவிளை தாண்டி இங்கே வந்து சேர எவ்வளவு நேரம்? அரைமணி நேரப் பயணம். ஆனாலும் அது மாநிலம் விட்டு மாநிலம் வரும் சரக்கு. அந்தச் சரக்கின் விவரம் வண்டி கிளம்பும் முன்பே எங்கோ ஒரு தரவு மையத்தில் பதிவாகிவிடுகிறது.

ஆகவே நண்பர்களே, உங்கள் வியாபாரத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே உங்கள் கடையை விட்டு வெளியே போய்விட்டது. யாரும் உங்களிடம் கேட்கவில்லை. சட்டம் வந்தது, நாம் பழகிக்கொண்டோம். இப்போது மிஞ்சியிருப்பது பில்லிங், ஸ்டாக், பற்று வரவு, சம்பளப் பட்டியல், வாடிக்கையாளரின் பெயரும் போன் நம்பரும். இவற்றை மாற்றுவதா, எப்போது மாற்றுவது, யாரிடம் கொடுப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். அந்த முடிவைத் தெரிந்து எடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கூட்டம்.

மாற்ற வேண்டிய அவசியம் என்ன? 2017 நவம்பர் 30-ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். ஒக்கிப் புயல் அடித்த நாள். எல்லைக்கு அந்தப் பக்கம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் சாய்ந்தன. ரப்பர் மரங்கள் முறிந்து கிடந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. இதற்கு இரண்டு வருடம் முன்பு, 2015 டிசம்பரில், சென்னை மூழ்கியது. 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம். இவையெல்லாம் பெரிய பேரிடர்கள். இவற்றை விடுங்கள், ஐப்பசியில் வரும் நம் துலாவர்ஷ இடி போதாதா? மாலை மூன்று மணிக்கு வானம் கறுக்கிறது, ஒரு மின்னல், மோடம் கருகிவிட்டது, கூடவே கம்ப்யூட்டரும். அதில் எத்தனை வருடக் கணக்கு இருந்தது? அதன் நகல் எங்கே இருந்தது? அதே மேஜையின் டிராயரில், ஒரு பென்டிரைவில். அந்தப் பென்டிரைவில் கடைசியாக எப்போது நகல் எடுத்தார்கள் என்று கேட்டால், எழுத்தர் முதலாளியைப் பார்ப்பார், முதலாளி எழுத்தரைப் பார்ப்பார்.

கிளவுட் இந்த ஆபத்திலிருந்து நம்மைக் காப்பாற்றும். கணக்கு இருக்கும் இடம் சென்னையிலோ மும்பையிலோ உள்ள பெரிய தரவு மையம். மைக்ரோசாஃப்ட் 2015-இல் புனே, சென்னை, மும்பை வட்டாரங்களில் தொடங்கியது. அமேசான் 2016-இல் மும்பைக்கு வந்தது. இரட்டை மின்வழி, ஜெனரேட்டர், குளிரூட்டல், காவல் எல்லாம் அங்கே உண்டு. நம் கடையின் பின்னறையில் அப்படியொரு ஏற்பாட்டை நம்மால் செய்யவே முடியாது. அதில் சந்தேகமில்லை.

ஆனால் இங்கேதான் பெரும்பாலானவர்கள் வழுக்கி விழுகிறார்கள். கிளவுடில் போட்டாயிற்று, இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்கிறார்கள். யார் பார்த்துக்கொள்வார்கள்? எதைப் பார்த்துக்கொள்வார்கள்? பேங்க் லாக்கரில் நகை வைக்கிறீர்கள். கட்டடத்தையும் இரும்புக் கதவையும் பேங்க் காக்கும். உங்கள் சாவியை நீங்கள் ஊரெல்லாம் கொடுத்துவிட்டு வந்தால், உள்ளே என்ன வைத்தீர்கள் என்றே எழுதி வைக்காவிட்டால், அதற்கு பேங்க் என்ன செய்யும்? கிளவுட் நிறுவனங்கள் எல்லாமே தங்கள் ஒப்பந்தத்தில் இதை எழுதித்தான் வைத்திருக்கின்றன. கட்டடம், மின்சாரம், இயந்திரம், வலை ஆகியவை அவர்கள் பொறுப்பு. உள்ளே போடும் தரவு, அதை யார் திறக்கலாம் என்ற அனுமதி, பாஸ்வேர்ட், அதன் நகல் ஆகியவை உங்கள் பொறுப்பு.

நம் நாட்டுச் சட்டமும் அதையே சொல்கிறது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வாடிக்கையாளரின் விவரத்தை வேறொரு நிறுவனத்திடம் கொடுத்துக் கையாளச் சொன்னாலும் பதில் சொல்ல வேண்டியவர் அதைச் சேகரித்தவரே என்கிறது. பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். 2025 நவம்பரில் அதன் விதிகளும் அறிவிக்கப்பட்டு, முக்கியமான கடமைகளை நிறைவேற்ற 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். சர்வர் போகும், பொறுப்பு போகாது. இன்று நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்த ஒன்றுதான்.

கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே அரசுக்கென்று ஒரு கிளவுட் உண்டு, லங்கா அரசாங்கக் கிளவுட் என்று பெயர். அமைச்சரவை அலுவலகம் உட்பட அரசு அலுவலகங்களின் மின்னஞ்சல் அதில் இருந்தது. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள். 2023 ஆகஸ்ட் கடைசியில் ஒரு தாக்குதல் நடந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வகை மென்பொருள் உள்ளே புகுந்தது. இப்படித் தாக்குதல் நடப்பது உலகத்தில் புதிதல்ல. மென்பொருளை மறுபடியும் எழுப்பி ஓட வைக்க அவர்களுக்கு நெடுநேரம் ஆகவில்லை. ஆனால் அந்த ஆண்டு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரைக்குமான மின்னஞ்சல்கள் போயே போய்விட்டன. ஏன்? அந்த மூன்று மாதத்துக்கும் மேலான காலத்துக்குத் தாக்குதலுக்கு எட்டாத இடத்தில் ஒரு நகல் இல்லை. ஓடிக்கொண்டிருந்த மென்பொருளோ 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு. புதுப்பிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தும் பணம் உள்ளிட்ட காரணங்களால் தள்ளிக்கொண்டே போயிருக்கிறது.

அது கிளவுட்தானே? பெயரிலேயே கிளவுட் இருந்ததே? இருந்து என்ன பயன்? நகல் எடுப்பது ஒருவரின் வேலையாக இருந்திருக்க வேண்டும். எடுத்த நகலைத் திறந்து பார்ப்பது இன்னொருவரின் வேலையாக இருந்திருக்க வேண்டும். பழைய பதிப்பை மாற்றப் பணம் ஒதுக்குவது அதற்கும் மேலே ஒருவரின் கடமையாக இருந்திருக்க வேண்டும். பொருளாதாரம் விழுந்து கிடந்த ஒரு நாட்டின் நிலைமை எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒரு தேசத்தின் அமைச்சரவை அலுவலகத்துக்கே இந்தக் கதி என்றால், நம் கடைக்கும் சங்கத்துக்கும் யார் காவல்?

சரி, எங்கிருந்து தொடங்குவது? ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். ஆம், சாதாரண நாற்பது பக்க நோட்டு. உங்கள் வியாபாரத்தில் எந்தெந்த விவரம் எங்கெங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். கணக்கு டாலி மென்பொருளில் இருக்கும். அது எல்லோருக்கும் தெரியும். கடன் கொடுத்த பட்டியல் எங்கே? ஒரு எக்செல் தாளில். மொத்த ஆர்டர் எங்கே வருகிறது? முதலாளியின் போனில், வாட்ஸ்அப்பில். எடை மெஷின் எந்தக் கம்ப்யூட்டரோடு பேசுகிறது? பார்கோடு ஒட்டும் பிரின்டர் எந்த மென்பொருளை நம்பியிருக்கிறது? பழைய பில்லிங் மென்பொருள் டாங்கிள் என்ற உரிமச் சாவியைச் சொருகினால்தான் ஓடும் என்றால் அதை எழுதிய ஆள் இன்று எங்கே இருக்கிறார்? கடையின் இணையதளப் பெயரை யார் பெயரில் பதிவு செய்தீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பல முதலாளிகளிடம் பதில் இருக்காது. செய்து கொடுத்த பையன் தன் மின்னஞ்சலிலேயே பதிவு செய்திருப்பான். அவன் வளைகுடாவுக்குப் போய் வருடங்கள் ஆகியிருக்கும். உங்கள் கடையின் பெயர்ப்பலகை வேறொருவர் சட்டைப்பையில் இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொள்வீர்கள்.

நோட்டில் எழுதி முடித்ததும் ஒவ்வொன்றின் தலையெழுத்தையும் நீங்களே தீர்மானியுங்கள். சிலவற்றை அப்படியே தூக்கிக் கிளவுடில் வைக்கலாம். சிலவற்றுக்குப் பதிலாக மாத வாடகை மென்பொருளே எடுத்துக்கொள்ளலாம். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் போட்டு ஸோஹோ நிறுவனம் உலகத்துக்கே விற்பது அந்த வகைதான். சிலவற்றைப் புதிதாக எழுத வேண்டியிருக்கும், அதற்குக் காலமும் பணமும் அதிகம். சில, பத்து வருடமாக யாரும் திறக்காதவை. அவற்றை எதற்குச் சுமக்கிறீர்கள்? இன்னும் சில இங்கேயே இருக்கட்டும். கல்லாப் பில்லிங்கைப் பற்றி என் உறுதியான கருத்து இது: நெட் போனால் பில் போட முடியாத எந்த மென்பொருளையும் நம் ஊர்க் கடைக்கு வாங்காதீர்கள். லைன் அறுந்த நேரத்தில் பில் கடையிலேயே பதிவாகி, லைன் வந்ததும் மேலே போய்ச் சேர வேண்டும். விற்கிறவர் என்ன சொன்னாலும், நெட்டைப் பிடுங்கிவிட்டு ஒரு பில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இனி நம் எல்லைக்கே உரிய ஒரு சங்கதிக்கு வருகிறேன். வெளியூர் நிபுணர்கள் இதைக் கவனிப்பதேயில்லை. நாம் இரண்டு மொழியில் வாழ்கிறவர்கள். வாடிக்கையாளர் பெயர் மலையாளத்தில் இருக்கும், சரக்கு அனுப்புகிறவர் பெயர் தமிழில் இருக்கும், பில் ஆங்கிலத்தில் இருக்கும். பழைய கம்ப்யூட்டரில் தமிழும் மலையாளமும் எப்படி இருக்கின்றன? பெரும்பாலும் பழைய எழுத்துருக்களில். திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே சேமிக்கப்பட்டிருப்பதோ ஆங்கில எழுத்துகளும் குறிகளும். அந்த எழுத்துரு இருக்கும்வரை அது தமிழ். புதிய மென்பொருளுக்குப் போன நொடியில் அது யாருக்கும் புரியாத கிறுக்கல். மலையாளத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ராஜன் என்ற பெயரின் கடைசியில் வருகிறதே சில்லெழுத்து, அதை 2008-க்கு முன்பு யூனிகோடில் பல குறிகளைச் சேர்த்து எழுதினார்கள்; 2008-இல் தனிக் குறி கொடுத்தார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு ஆள்கள்! ஒரே மனிதருக்கு இரண்டு லெட்ஜர் முளைக்கும். ஒன்றில் கடன் இருக்கும், மற்றதில் வரவு இருக்கும். கூட்டுறவுச் சங்கத்தில் இது நடந்தால் உறுப்பினர் வந்து சண்டை போடாமல் என்ன செய்வார்?

ஆகவே மாற்றும் முன்பே எல்லாப் பெயரையும் யூனிகோடுக்குக் கொண்டுவந்து, ஒரே முறையில் சீராக்கிவிடுங்கள். சீராக்கிய பட்டியலை மலையாளம் தெரிந்த ஒருவரும் தமிழ் தெரிந்த ஒருவரும் உட்கார்ந்து வரிவரியாகப் படிக்கட்டும். அலுப்பான வேலைதான். ஆனால் அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருப்பவர்களை நேரில் தெரிந்தவர்கள் உங்கள் கடையில்தான் இருக்கிறார்கள். பெங்களூரிலிருந்து வரும் எஞ்சினியருக்கு அவர்களைத் தெரியாது.

அடுத்து, எவ்வளவு தரவு, எத்தனை நாள்? ஒரு நிறுவனத்தில் படங்களும் ஸ்கேன் செய்த ஆவணங்களுமாக இரண்டு டெராபைட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லைனில் மேலே அனுப்பும் வேகம் 20 எம்.பி.பி.எஸ். இரவு பகல் நிற்காமல் முழு வேகத்தில் அனுப்பினாலும் ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், இந்தக் கணக்கை அவர் முன்னால் போடுங்கள். பழையதை முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிவிட்டு, கடைசி நாளில் புதிதாகச் சேர்ந்ததை மட்டும் அனுப்புவதே வழி.

எந்த நாளில் மாறுவது? மார்ச்சில் வேண்டாம், வருட முடிவு. மாதாந்திர ரிட்டர்ன் தருபவர்கள் 11-ஆம் தேதிக்கும் 20-ஆம் தேதிக்கும் இடையில் வேண்டாம். ஓணத்துக்கு முந்தைய வாரம் வேண்டவே வேண்டாம், ஜவுளிக்கடைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓணம் முடிந்து கூட்டம் தணிந்த ஒரு வாரத்தைப் பாருங்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா? 2018 ஏப்ரலில் இங்கிலாந்தில் டி.எஸ்.பி. என்ற வங்கி அப்படித்தான் செய்தது. 52 லட்சம் வாடிக்கையாளர்கள். ஒரு வார இறுதியில் பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு எல்லாமே ஒரே மூச்சில் மாறியது. தரவு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது, அதில் குறையில்லை. ஆனால் ஆள்கள் உள்ளே வரத் தொடங்கியதும் மென்பொருள் தள்ளாடியது. 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். எல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப அந்த ஆண்டு டிசம்பர் ஆகிவிட்டது. பிறகு நடந்த விசாரணையில் தெரிந்தது என்ன? இரண்டு தரவு மையங்களில் ஓடப்போகும் ஒரு மென்பொருளை ஒரே ஒரு மையத்தில்தான் முழுமையாகச் சோதித்திருக்கிறார்கள்! 2022 டிசம்பரில் 4.865 கோடி பவுண்டு அபராதம். வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த நிவாரணம் தனியாக 3.27 கோடி பவுண்டு. அத்தோடு நிற்கவில்லை. அந்த வங்கியின் தகவல் தொழில்நுட்பத் தலைமை அதிகாரியாக இருந்தவருக்கு 2023-இல் தனிப்பட்ட முறையிலும் அபராதம் விதித்தார்கள். மாற்றித் தருகிற வேலை வேறொரு நிறுவனத்திடம் இருந்தது. பதில் சொன்னது யார்? வங்கியும் அதன் அதிகாரியும்.

நம் பக்கத்திலேயே இதற்கு மாறான நடைமுறையைப் பார்த்திருக்கிறோம். வீட்டு வரி, பிறப்புச் சான்றிதழ், கட்டட அனுமதி என்று உள்ளாட்சி வேலைகளுக்காகக் கேரள அரசு கே-ஸ்மார்ட் கொண்டுவந்ததே, அதை ஒரே நாளில் எல்லா இடத்திலும் திறந்துவிடவில்லை. 2024 ஜனவரி 1 அன்று நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் தொடங்கினார்கள். நெய்யாற்றின்கரை நகராட்சியில் உள்ளவர்கள் அப்போதே பழகத் தொடங்கினார்கள். நம் சுற்றுவட்டார ஊராட்சிகளுக்கு 2025 ஏப்ரலில்தான் வந்தது. இடையில் ஒரு வருடத்துக்கு மேல். ஆரம்பத்தில் சிரமங்கள் இருந்தன. அலுவலகத்தில் வரிசையில் நின்றவர்கள் இங்கேயே இருப்பீர்கள். இருந்தாலும் நகராட்சியில் கண்ட சிரமத்தைத் தெரிந்துகொண்ட பிறகு ஊராட்சிக்கு வர வழி இருந்தது. 93 நகராட்சி, மாநகராட்சிகளில் ஓட்டிப் பார்த்துவிட்டு 941 ஊராட்சிகளுக்குப் போவது வேறு. எல்லாவற்றையும் ஒரே இரவில் திறப்பது வேறு.

உங்களுக்கு மூன்று கடை இருக்கிறதா? சின்னக் கடையை முதலில் மாற்றுங்கள். ஒரே கடைதானா? சம்பளப் பட்டியலை முதலில் மாற்றுங்கள், பில்லிங்கைக் கடைசியில் மாற்றுங்கள். ஒரு முழு மாதம் பழையதும் புதியதும் சேர்ந்து ஓடட்டும். மாதக் கடைசியில் இரண்டின் இருப்பும் ரொக்கமும் வரியும் பைசா பிசகாமல் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போனால் பழையதை நிறுத்துங்கள். ஒத்துப்போகவில்லையா? திரும்பி வாருங்கள். திரும்பி வருவதில் வெட்கமில்லை. எந்த நிலைமை வந்தால் திரும்புவது, அதை யார் சொல்வது என்பதை மாறும் நாளுக்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். நடுராத்திரியில் ஆளுக்கொரு பக்கம் கத்திக்கொண்டு எடுக்கும் முடிவு நல்ல முடிவாக இருக்காது.

கூட்டுறவுக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2019 நவம்பரில் 13 மாவட்டக் கூட்டுறவு வங்கிகளை இணைத்துக் கேரள வங்கி உருவானது. பெயர் ஒன்றானதும் கணக்கு ஒன்றாகிவிடாது; வெவ்வேறு மென்பொருளில் இருந்த கணக்குகளை ஓரிடத்துக்குக் கொண்டுவரத் தனி உழைப்பு வேண்டியிருந்தது. 2022 ஜூனில் மத்திய அரசு 63,000 தொடக்க வேளாண் கடன் சங்கங்களைக் கிளவுட் வழியிலான ஒரே பொது மென்பொருளுக்குக் கொண்டுவர 2,516 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று இதிலேயே தெரியும். மேலிடத்திலிருந்து உத்தரவு வருவதற்குள் உங்கள் உறுப்பினர் பட்டியலையும் பழைய கடன் கணக்கையும் சுத்தமாக்கி வையுங்கள். அழுக்குக் கணக்கு எந்த மென்பொருளுக்குப் போனாலும் அழுக்குக் கணக்குதான்.

செலவைப் பற்றி எல்லோரும் கேட்பீர்கள். கிளவுட் மலிவா? மலிவாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சர்வர் வாங்க மொத்தமாகப் பணம் போட வேண்டாம், அது நல்லது. ஆனால் மாதா மாதம் பில் வரும், நிற்காது. சோதனைக்காக ஓட்டிய இயந்திரத்தை நிறுத்த மறந்தால் அதற்கும் பில் வரும். சில சேவைகளில் தரவை வெளியே எடுக்கவும் கட்டணம் உண்டு. இன்ன தொகையைத் தாண்டினால் எனக்குச் செய்தி வர வேண்டும் என்று முதல் நாளே எச்சரிக்கை வைத்துவிடுங்கள். அமெரிக்காவில் 37சிக்னல்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, கிளவுடை விட்டு வெளியேறுவதாக 2022-இல் வெளிப்படையாகவே அறிவித்தது. தங்கள் வேலை ஒரே சீராக இருக்கிறது, சொந்த இயந்திரமே கட்டுப்படியாகிறது என்றார்கள். அது அவர்கள் கணக்கு. உங்கள் கணக்கை நீங்கள்தான் போட வேண்டும், ஐந்து வருடத்துக்குச் சேர்த்துப் போட வேண்டும்.

ஒப்பந்தத்தைப் படியுங்கள். 99.9 சதவீதம் ஓடும் என்று எழுதியிருக்கும். படிக்க நன்றாக இருக்கிறது. மிச்சமிருக்கும் அந்தத் துளி எவ்வளவு தெரியுமா? வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம். அது ஓண நாளில் வந்தால்? நின்றுபோனதற்கு ஈடாகப் பெரும்பாலும் பில்லில் கொஞ்சம் தள்ளுபடிதான் கிடைக்கும். போன வியாபாரம் கிடைக்காது.

வேறு காரணத்தாலும் சேவை நிற்கலாம். குஜராத்தில் வாடினார் என்ற இடத்தில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜியைப் பாருங்கள். இந்த ஊர் பெட்ரோல் பங்குகளிலேயே அந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் அதன் மேல் தடை விதித்தது. உடனே மைக்ரோசாஃப்ட் அதன் மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை நிறுத்தியது. காசு கட்டிய சேவை, இந்தியாவில் நடக்கும் நிறுவனம், இந்தியச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது; சில நாளில் சேவை திரும்பியது. பெரிய நிறுவனம், வக்கீல் வைத்தது. நம்மால் டெல்லிக்குப் போக முடியுமா?

நிற்பது மட்டுமல்ல, அழிந்தும் போகலாம். 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவில் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியின் கிளவுட் சந்தாவே, கூகுள் பக்கத்தில் நடந்த ஒரு அமைப்புப் பிழையால் அழிந்துபோனது. இரண்டு இடத்தில் பிரதி வைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே சந்தாவின் கீழ் இருந்ததால் இரண்டுமே போயின. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் ஓய்வுக்காலப் பணம். எப்படித் தப்பித்தார்கள்? வேறொரு நிறுவனத்திடம் இன்னொரு நகல் வைத்திருந்தார்கள். ஒரு வாரத்துக்கு மேல் ஆனாலும் எழுந்து வந்துவிட்டார்கள். அந்த நகலுக்கு மாதா மாதம் பணம் கட்ட வேண்டுமா என்று எத்தனை கூட்டத்தில் யாராவது கேட்டிருப்பார்கள்! அதை நிறுத்தாமல் வைத்திருந்த நிர்வாகத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆகவே நகல் மூன்று இருக்கட்டும். அதில் ஒன்று வேறொரு நிறுவனத்திடமோ, உங்கள் வீட்டு அலமாரியில் கேபிள் பிடுங்கிய ஹார்ட் டிஸ்கிலோ இருக்கட்டும். கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் கவனியுங்கள்: உங்கள் கணக்குப் புத்தகத்தின் நகல் நாள்தோறும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் இருக்க வேண்டும் என்பது 2022 ஆகஸ்ட் முதல் சட்டம். எத்தனை மணி நேரக் கணக்கை இழந்தால் தாங்குவீர்கள்? எத்தனை மணி நேரம் கடை நின்றால் தாங்குவீர்கள்? இந்த இரண்டு கேள்விக்கும் முதலாளி பதில் சொன்னால், எத்தனை தடவை நகல் எடுப்பது, எவ்வளவு செலவழிப்பது என்பது தானே தெளிவாகிவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்த நகலிலிருந்து ஒரு பழைய பில்லைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திறந்து பார்க்காத நகலை நகல் என்று கணக்கில் சேர்க்காதீர்கள்.

சாவிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தலைமை அனுமதி இரண்டு பேருக்கு மட்டும் இருக்கட்டும். ஒருவருக்கு மட்டும் இருந்தால் அவர் ஆஸ்பத்திரியில் படுத்த நாளில் கடையும் படுத்துவிடும். பாஸ்வேர்டோடு போனில் வரும் எண்ணும் கேட்கும்படி வையுங்கள். அந்தப் போன் நம்பர் கடையின் பெயரில் இருக்கட்டும், வேலைக்காரப் பையனின் பெயரில் வேண்டாம். வேலையை விட்டுப் போகிறவரின் அனுமதியை அவர் போகும் அன்று மாலையே நீக்குங்கள். அவர் மேல் சந்தேகம் என்று அர்த்தமல்ல. நாளை ஏதாவது தவறினால் அவர் மேல் பழி விழாமல் இருக்கவும் அதுதான் நல்லது.

கல்லாவில் உட்காரும் பெண்களை இந்தத் திட்டத்தின் கடைசியில் கூப்பிடாதீர்கள், முதலிலேயே கூப்பிடுங்கள். பழைய பில்லிங் திரையில் எந்த இடத்தில் கை தானாகப் போகும், திரும்பி வந்த சரக்குக்கு எப்படிப் பில் திருத்துவார்கள், கடன் சொல்லிப் போகும் பழைய வாடிக்கையாளரை எப்படிக் குறித்து வைப்பார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். எந்த நிபுணரின் கோப்பிலும் அது எழுதியிருக்காது. கூட்டம் இல்லாத காலை நேரத்தில் புதிய திரையில் பழகவிடுங்கள். பழகும் நேரத்துக்கும் சம்பளம் கொடுங்கள்.

கடைசியாக அந்தப் பழைய கம்ப்யூட்டர். எல்லாம் மாறிய பிறகு அதை என்ன செய்வது? உடனே விற்றுவிடாதீர்கள். ஜி.எஸ்.டி. கணக்கை ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்பெனி என்றால் எட்டு நிதியாண்டு. பழைய வருடங்கள் முழுவதும் புதிய இடத்துக்குப் போயிருக்கின்றனவா என்று உங்கள் ஆடிட்டர் பார்த்துக் கையெழுத்திடும்வரை அதை யாரும் புதிதாக எழுத முடியாதபடி பூட்டி வையுங்கள். கையெழுத்து ஆனதும் டிஸ்கைக் கழற்றி முழுக்க அழித்துவிட்டு, முடிந்தால் உங்கள் கண்முன்னாலேயே துளை போட்டு உடைத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் பழைய சாமான்காரரிடம் கொடுங்கள். அந்த டிஸ்கில் இருப்பது உங்கள் வாடிக்கையாளரின் பெயரும் கடனும் போன் நம்பரும். அவர் அதை நம்பிக் கொடுத்தது உங்களிடம்.

என் பேச்சு இவ்வளவுதான். வாசல் மேஜையில் நோட்டுகள் வைத்திருக்கிறோம், ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் கடையின் இணையதளப் பெயரும் மின்னஞ்சலும் இன்று யார் பெயரில் இருக்கின்றன என்பதை எழுதுங்கள். இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருவோம். முன்வரிசையில் ரப்பர் வியாபாரம் செய்யும் அண்ணாச்சி வெகு நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார், அவரே தொடங்கட்டும்.